சமத்துவ ஊரில் பன்னிரண்டு மூட்டை

வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். கொசு கடித்தால் மட்டும் துண்டால் விசிறி விரட்டுங்கள். கை தட்டி அடிக்காதீர்கள். ஏன் என்று கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடல் நடுவே ஒரு தீவில், நாம்புலு என்ற ஊரில், அங்கம்மா நாடன் என்று ஒருத்தி இருந்தாள். நான்கு ஏக்கர் கரும்பு, மூன்று ஆடு, யார் என்ன கேட்டாலும் பதில் வைத்திருக்கும் வாய். இவ்வளவுதான் அவள் சொத்து. கணவன் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் வெட்டு முடிந்து, கட்டையிலிருந்து மறுதாம்பு விரல் நீளம் கிளம்பி நின்றது. மூன்று வாரத்துக்குள், மழை கனப்பதற்கு முன்னால், பன்னிரண்டு மூட்டை உரம் மண்ணுக்குள் போயாக வேண்டும். போன வருடம் உரம் கிடைக்காமல் நாற்பத்தொரு டன்தான் விளைந்தது. தொடர்ந்து இரண்டு வருடம் ஐம்பது டன்னுக்குக் கீழே போகிறவர்களின் பெயரை, ஆலைக்குக் கரும்பு வெட்டித் தரும் வெட்டுக் கூட்டத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர் கரும்பை யாரும் வெட்ட மாட்டார்கள், லாரி வராது, ஆலை வாங்காது. அது வயலிலேயே நின்று பூத்து வெளுத்துப்போகும். குத்தகை நிலம் கையை விட்டுப் போகும்.

ஆகையால் அங்கம்மாவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது பன்னிரண்டு மூட்டை உரம். பதின்மூன்று கொடுத்திருந்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

ஆடுகளில் ஒன்றை விற்று, பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, காலை பஸ்ஸில் லம்பாசாவுக்குப் போனாள். அங்கே மானியச் சமநிலை வாரியம் இருக்கிறது. அந்த வாரியத்தின் மூலம் வாங்கினால் உரத்தின் பாதி விலையை அரசாங்கம் கொடுக்கும். ஏழை விவசாயியைக் கைதூக்கி விடுவதற்காகவே ஏற்பட்ட வாரியம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. அந்த எழுத்துக்கு அரசாங்கம் முழு விலையும் கொடுத்திருந்தது.

கவுண்டரில் ஃபிலிமோனி உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயது, உடைந்த கண்ணாடிச் சட்டத்தை நூலால் கட்டியிருப்பான், நல்ல மனுஷன். அளவுகோல் வைத்துக் கோடு போடுவதில் அந்த அலுவலகத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"புலா, ஃபிலி," என்று வணக்கம் சொன்னாள். "இந்த வருஷமாவது பன்னெண்டு மூட்டை எழுதிக்கோ."

ஃபிலிமோனி விண்ணப்பப் பாரத்தை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு கீழிருந்து மேலே பார்த்தான்.

"அக்கா, இதுல நாப்பதுக்குக் கட்டம் இருக்கு, எம்பதுக்கு இருக்கு, ஆயிரத்துக்குக்கூட இருக்கு. பன்னெண்டுக்குக் கட்டம் இல்லியே."

"ஓரத்துல எழுதேன். அவ்ளோ இடம் வெள்ளையாக் கெடக்கு."

"ஓரத்துல எழுதினா கம்ப்யூட்டர் பாக்காது."

"நீ பாக்குறியே?"

"நான் பாத்து என்னக்கா பண்றது? போன வருஷம் ஒரு தூக்கு வண்டி வாங்கினாங்களே. அது ஒரு தடவைக்கு நாப்பது மூட்டை அடுக்கைத் தூக்கும். அடுக்கைப் பிரிச்சா வண்டி கெட்டுப்போயிடும்னு டைரக்டர் சொல்லிட்டாரு. அதனால நாப்பதுக்குக் கீழ யாருக்கும் தேவை இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"தேவை இல்லைன்னு வண்டிகிட்ட யாரு கேட்டா?"

"நீங்க நாப்பதா வாங்கிட்டுப் போங்களேன். எவ்ளோ அதிகமா வாங்குறீங்களோ அவ்ளோ அதிகமா மானியம்."

"பன்னெண்டுக்கே ஆட்டை வித்துட்டு வந்திருக்கேன். நாப்பதுக்கு யாரை விக்க? உன்னையா?"

"என்னை வாங்க ஆள் வராதுக்கா," என்றான் ஃபிலிமோனி வருத்தத்துடன். "அதுக்கும் பாரம் இல்லை."

போன வருடம் ஊரில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து நாற்பதை வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார்கள். ஒரு பாரத்தில் நான்கு கையெழுத்துக்கு இடமில்லை என்று வாரியம் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் நாம்புலுவில் கரும்பு வீடுகள் பத்தொன்பது. நாற்பதுக்கு எட்டாதவர்கள் ஒவ்வொருவராக நிலத்தை ஊரின் பெரிய விவசாயி ராம்சமுஜ் கையில் விட்டுவிட்டு, ஒருவர் டாக்சி ஓட்டப் போனார், ஒருவர் பள்ளிக்கூடத்து வாசலில் காவலுக்கு நின்றார், ஒருவர் ஆக்லாந்தில் மகள் வீட்டில் புல் வெட்டுகிறார். நிலம் கூடக் கூட ராம்சமுஜுக்கு மானியம் கூடியது. மானியம் கூடக் கூட நிலம் கூடியது. கடைசியில் ஊரில் இரண்டே கரும்பு வீடு மிஞ்சியது. ஒன்று மாடி வீடு. இன்னொன்று அங்கம்மாவுடையது.

வெறுங்கையோடு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, ராம்சமுஜின் உர லாரிகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்தத் தவணைக்குத் தொள்ளாயிரத்து அறுபது மூட்டை. கடைசி லாரி நின்றது. ஜன்னலில் ராம்சமுஜின் முகம் தெரிந்தது. பெருத்த உடம்பு, நல்ல பல்வரிசை. அங்கம்மாவின் கணவனை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன், அதனால் அவளுக்குக் கொழுந்தன் முறை.

"என்ன அண்ணி, கை வீசிக்கிட்டு வர்றீங்க? உரம் கெடைக்கலியா?"

"உங்க லாரியில ஏறி உக்காந்துக்கிச்சு கொழுந்தனாரே. எனக்கு எடம் விடலை."

"நிலத்த எங்கிட்ட விட்டுடுங்க அண்ணி. உரம் தானா வந்து எறங்கும்."

"நிலம் உங்களுது ஆனப்புறம் உரம் எறங்கினா எனக்கென்ன, எறங்காட்டி எனக்கென்ன? ஒரு பன்னெண்டு மூட்டை இப்பவே எறக்குங்களேன். பாதி விலை தர்றேன்."

"ஐயோ, மானிய உரத்தை விக்கக் கூடாது அண்ணி, சட்ட விரோதம்," என்றான் ராம்சமுஜ். சட்டத்துக்கு அவ்வளவு பயந்தவன். லாரி போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் வாரியத்துக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். "உங்கள் மானியத்தால் விவசாயக் குடும்பங்களுக்குள் வருமான ஏற்றத்தாழ்வு குறைகிறதா, கூடுகிறதா?" என்று ஒரே கேள்வி. வாரியத்தில் எல்லோருக்கும் மனம் புண்பட்டுவிட்டது. பதில் கண்டுபிடிப்பதற்காகப் புதிய நாற்காலிகள் வாங்கப்பட்டன. நாற்காலிகளில் உட்கார்ந்து யோசித்ததில், கிராமத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது.

மூன்று வண்டிகள் நாம்புலுவுக்கு வந்தன. முதல் வண்டியில் டைரக்டர், டாக்டர் கமினியேலி. இடுப்பில் மடிப்புக் கலையாத சூலு வேட்டி, மேலே கோட்டு, கழுத்தில் டை. இரண்டாவது வண்டியில் ஃபிலிமோனியும் கோப்புகளும். மூன்றாவதில் நாற்காலிகள்.

ராம்சமுஜ் வீட்டு வராந்தாவில் கணக்கெடுப்பு நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி. அந்த ஆடு யார் விற்ற ஆடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு சேருவாயா வந்தாள். அந்த நிலங்களையெல்லாம் குத்தகைக்கு விட்டிருந்த, மண்ணுக்குச் சொந்தக்காரக் குலத்தில் பிறந்தவள், சந்தையில் மரவள்ளி விற்பவள். இருவரும் தையல் இயந்திரம், கத்தரிக்கோல், துக்கம், சந்தோஷம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தவர்கள்.

டைரக்டர் கறி எலும்பை வைத்துவிட்டு விளக்கினார்.

"அம்மா, நல்லாக் கேளுங்க. ஏற்றத்தாழ்வுக்கு ஒரு எண் இருக்கு. எல்லாத்தையும் ஒருத்தனே வச்சிருந்தா ஒண்ணு. எல்லாருக்கும் சமமா இருந்தா சுழி. இந்த நாட்டையே சுழிக்குக் கொண்டுபோறதுதான் நம்ம வாரியத்தோட லட்சியம்."

"கொண்டுபோயிடுவீங்க சார்," என்றாள் சேருவாயா.

"மொதல்ல சராசரி பாப்போம். ஊர்ல ரெண்டு வீடு. மானிய உரம் தொள்ளாயிரத்து அறுபது. ரெண்டால வகுத்தா நானூத்தி எம்பது. ஆக அம்மா, சராசரியா உங்களுக்கு நானூத்தி எம்பது மூட்டை வந்திருக்கு."

அங்கம்மா திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். வாசலில் மைனா இரண்டு நின்றன.

"எங்க சார் வச்சிருக்கீங்க?"

"சராசரியில இருக்கு."

"அதுலேருந்து பன்னெண்டு மட்டும் எறக்கிக் குடுத்துடுங்க. மீதி நானூத்தி அறுபத்தெட்டை சராசரியிலேயே வச்சிக்குங்க."

டைரக்டர் புன்னகை செய்தார். படிக்காதவர்களிடம் பேசுவது அவருக்குப் பிடிக்கும், அவர்கள் அடிக்கடி சிரிப்பு மூட்டுவார்கள் என்று. அப்போது ஃபிலிமோனி தொண்டையைச் செருமினான்.

"சார், ஊர்ல ரெண்டு வீடு இல்லை. நம்ம பதிவேட்டுல இருபத்தஞ்சு விவசாயக் குடும்பம் இருக்கு."

எல்லோரும் ராம்சமுஜைப் பார்த்தார்கள். அவன் அடக்கமாகத் தலை குனிந்தான். ஒரு குடும்பம் இத்தனை மூட்டைதான் வாங்கலாம் என்று வாரியம் ஒரு காலத்தில் உச்சவரம்பு வைத்தது. அதற்குக் கட்டுப்பட்டு அவன் தன்னை இருபத்து நான்கு குடும்பமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு குடும்பம். மனைவி ஒரு குடும்பம். வான்கூவரில் இருக்கும் மகன், சிட்னியில் இருக்கும் மகள், கல்யாணம் ஆகாத மச்சான், பதினொரு வருடத்துக்கு முன் இறந்துபோன அப்பா என்று ஆளுக்கொரு குடும்பம். பட்டியலில் பதினெட்டாவதாக லாலு என்று ஒருவர் இருந்தார். அவர் மாட்டுத் தொழுவத்தில் வசித்தார்.

டைரக்டர் பதிவேட்டை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் கண்ணில் நீர் கோர்த்தது.

"இருபத்து நாலு குடும்பம். ஒவ்வொண்ணும் சரியா நாப்பது மூட்டை. ஒண்ணு கூட இல்லை, ஒண்ணு குறைய இல்லை. இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன், இப்படி ஒரு சமத்துவத்தை நான் பாத்ததே இல்லை!"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்," என்றான் ராம்சமுஜ், இருபத்து நான்கு குடும்பங்களின் சார்பிலும்.

"ஆனா சுழி வரலியே?" டைரக்டரின் விரல் பட்டியலில் கீழே இறங்கி ஒரு இடத்தில் நின்றது. "ஏன் வரலை? இருபத்தஞ்சாவதா ஒருத்தர் இருக்காங்க. அவங்களுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லை. யாரு இது, அங்கம்மா நாடன்?"

"நான்தான் சார்."

"அம்மா," என்றார் டைரக்டர் மெதுவாக, கெட்ட சேதி சொல்லும் டாக்டரைப் போல. "மனசைத் தளர விடாதீங்க. இந்த ஊர்ல ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் நீங்கதான்."

அங்கம்மாவுக்கு முதல் தடவையாகப் பதில் வரவில்லை.

"அப்ப அவங்களுக்கும் நாப்பது குடுத்துட்டா சரியாயிடுமே சார்," என்றாள் சேருவாயா.

"குடுக்கலாம். ஆனா அவங்க கேக்கலியே. பன்னெண்டுதானே கேக்குறாங்க? பன்னெண்டு குடுத்தா ஏற்றத்தாழ்வை அரசாங்கமே கையெழுத்துப் போட்டு உண்டாக்கின மாதிரி ஆயிடும். ஏழைங்க ஏன் எப்பவும் குறைச்சலாவே கேக்குறாங்க? அதைப்பத்தித் தனியா ஒரு ஆய்வு பண்ணணும்."

இரண்டு நாள் கழித்து அங்கம்மாவுக்குக் கடிதம் வந்தது. அவள் பெயர் விவசாயக் குடும்பங்களின் பதிவேட்டிலிருந்து அன்புடன் நீக்கப்பட்டிருந்தது. இனி அவள் 'வயலருகே வசிப்பவர்' என்ற வகையைச் சேர்ந்தவள். அதே தபாலில் ராம்சமுஜுக்கு இருபத்து நான்கு கடிதங்கள் வந்தன. நாம்புலு சுழியை அடைந்துவிட்டது என்றும், நாட்டின் முதல் சமத்துவ ஊராக அதை அறிவிக்க விழா எடுக்கப்படும் என்றும் அவற்றில் எழுதியிருந்தது.

அங்கம்மா கடிதத்தை மடித்து ஆட்டுக் கயிற்றில் செருகினாள்.

"விவசாயி இல்லைன்னா வயல்ல இருக்கிற கரும்பு யாருது சேரு? காத்து நட்டுச்சா?"

"வெட்டுப் பட்டியல் ஆலையோடது அக்கா, வாரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. டன் மட்டும் வந்தாப் போதும்."

"டன் வரணும்னா உரம் வேணுமே. இன்னும் ஒன்பது நாள். மேகத்தைப் பாத்தியா, மலைமேல உக்காந்துக்கிட்டு என்னையே பாக்குது."

சேருவாயா ஒரு மரவள்ளியை எடுத்துத் தோலை உரிக்கத் தொடங்கினாள். பிறகு, சடங்குகளில் குடிக்கும் யங்கோனாவைப் பற்றிக் கேட்டாள்.

"விழாவுக்கு யங்கோனா யாரு கரைக்கிறதாம்?"

"உங்க ஆளுங்கதானே? மண்ணுக்குச் சொந்தக்காரங்க."

"டைரக்டர் சொல்லி அனுப்பிச்சாரு, சடங்கு ஒண்ணுகூடக் குறையக் கூடாதாம். ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் முறைப்படி சிரட்டை குடுக்கணுமாம்." சேருவாயா தோலை முறத்தில் போட்டாள். "ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கம்மாவுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

விழா காலை பத்து மணிக்குத் தொடங்கியது. மாமரத்தடியில் பாய்கள், வாரியத்து நாற்காலிகள். ஒரு தங்கச் சட்டத்துக்குள் பெரிய சுழி ஒன்று எழுதி மாட்டியிருந்தது. டைரக்டர் பேசினார்.

"நண்பர்களே! எங்கள் மானியம் ஏழை, பணக்காரன் என்று பேதம் பார்ப்பதில்லை. நிலம் உள்ளவர்க்கு நிலத்தின் அளவுக்கும், நிலம் இல்லாதவர்க்கு இல்லாமையின் அளவுக்கும் பாரபட்சமின்றி வழங்குகிறோம். ஏழ்மையைப் பட்டியலிலிருந்து ஒழிப்போம் என்றோம், ஒழித்துவிட்டோம். எங்கள் கணக்கில் இன்று இந்த ஊரில் குறை உள்ள விவசாயி ஒருவர்கூட இல்லை. இனி இந்த மண்ணின் மரபுப்படி, குடும்பத் தலைவர்களை மதிப்போம். மரபை மதிக்காதவன் மனிதனே இல்லை!"

சேருவாயாவின் அண்ணன்மார் பெரிய மரப் பாத்திரத்தில் யங்கோனாவைக் கரைத்து வைத்திருந்தார்கள். வேரை இடித்துக் கரைத்த மண்நிறத் தண்ணீர். நாக்கு மரத்துப்போகும், கால் தன் இஷ்டத்துக்குப் போகும், மனம் மட்டும் ரொம்ப நல்ல மனமாகிவிடும். குடிப்பதற்கு முன் குவித்த கையால் ஒரு தட்டு. குடித்து முடித்து மூன்று தட்டு. சுற்றியிருப்பவர்களும் தட்டி, "மாதா" என்பார்கள், தீர்ந்தது என்று.

குலத்தின் சார்பில் சேருவாயா எழுந்து நின்றாள்.

"முதல் குடும்பத் தலைவர்!"

ராம்சமுஜ் தட்டினான், குடித்தான், மூன்று தட்டினான். மாதா.

"ரெண்டாவது குடும்பம்!"

"என் சம்சாரம். ஊருக்குப் போயிருக்கா."

"அப்ப அந்தச் சிரட்டையைத் திருப்பி அனுப்பிடலாமா சார்?" என்று சேருவாயா டைரக்டரைக் கேட்டாள். "சிரட்டையைத் திருப்பினா அந்தக் குடும்பம் சபையில இல்லைன்னு அர்த்தம். பட்டியலை மாத்தணும்."

டைரக்டர் தங்கச் சட்டத்தைப் பார்த்தார். "மாத்தக் கூடாது. அவங்க சார்பா இவரே குடிக்கட்டும்."

"ஏத்தமா, வத்தமா?" என்று கேட்டான் ஊற்றுகிறவன். சிரட்டை நிறைய ஊற்றினால் கடல் ஏற்றம். பாதி ஊற்றினால் வற்றம்.

"சமத்துவ ஊரு," என்றாள் சேருவாயா. "எல்லாருக்கும் ஒரே அளவு. ஏத்தம்."

மூன்றாவது சிரட்டை வான்கூவர் மகனுக்கு. நான்காவது சிட்னி மகளுக்கு. ஏழாவது, இறந்துபோன அப்பாவுக்கு. டைரக்டர் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார்.

"உயிரோட இல்லாதவருமா?"

ஃபிலிமோனி பதிவேட்டைப் பிரித்தான். "மூணு வருஷமா சிறந்த விவசாயின்னு பரிசு வாங்கியிருக்காரு சார்."

ராம்சமுஜ் அப்பாவுக்காகவும் குடித்தான். பன்னிரண்டாவது சிரட்டையில் அவன் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான். பதினைந்தாவதில் உதடு எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிப் பார்த்தான்.

"பதினெட்டாவது குடும்பத் தலைவர், லாலு!"

தொழுவத்திலிருந்து லாலு தானே பதில் சொன்னான். நீளமாக, இரண்டு தடவை.

"காளைக்குச் சிரட்டை பத்தாதே," என்றாள் அங்கம்மா கூட்டத்தின் பின்னாலிருந்து. "வாளி கொண்டாங்க."

"லாலு... கொஞ்சமாத்தான்... குடிப்பான்," என்றான் ராம்சமுஜ். ஒவ்வொரு சொல்லையும் கையால் எடுத்து வெளியே வைப்பதுபோலச் சொன்னான். அதற்குமேல் அவன் நாக்கு எதற்கும் வரவில்லை. தட்டுவதற்கு மட்டும் கைகள் பழகிவிட்டிருந்தன. யாராவது பேசி நிறுத்தினால் போதும், அவை தாமாகவே ஒன்றையொன்று தேடிப் போயின.

இருபத்து நான்காவது சிரட்டையும் முடிந்தது. மாதா. தொண்ணூற்றாறு தட்டு தட்டிய உள்ளங்கைகள் சிவந்திருந்தன.

அப்போது அங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர், சேருவாயா கொடுத்தது. அதை இரண்டு கையாலும் ராம்சமுஜ் முன்னால் பாயில் வைத்து, மண்டியிட்டு உட்கார்ந்தாள். மாமரத்தடியில் சத்தம் அடங்கியது. வேர் வைத்துக் கேட்பது என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கேட்கப்பட்டவர் வேரைத் தொட்டுக் கை தட்டிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். திருப்பி வாங்குவது என்பது இல்லை.

"கொழுந்தனாரே," என்றாள் அங்கம்மா. "நான் விவசாயி இல்லை, வயல் பக்கத்துல இருக்கிறவ. கவுருமெண்டு உரத்தைக் கேக்க எனக்கு உரிமை இல்லை. அதனால உங்க வீட்டு ஆளுங்களைக் கேக்குறேன். நீங்க இருபத்து நாலு குடும்பம். குடும்பத்துக்கு அரை மூட்டை குடுங்க. பன்னெண்டு ஆயிடும். என் கரும்பு நிக்கும்."

ராம்சமுஜ் மனத்துக்குள் 'முடியாது' என்றான். அது வெளியே வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான். கால் கேட்கவில்லை. ஊன்றி எழுவதற்காக ஒரு கையை முன்னால் வைத்தான். அது வேரின்மேல் போய் உட்கார்ந்தது. எழ முடியாமல் நிமிர்ந்தான். கூட்டம் அமைதியாக இருந்தது. ஏதோ பேசி முடித்திருக்கிறார்கள் என்று கைகளுக்குத் தெரிந்தது.

தட்டு. தட்டு. தட்டு.

"மாதா!" என்றது மாமரத்தடி முழுவதும்.

டைரக்டர் எழுந்து, "இது செல்லாது, இவர் நிதானத்துல இல்லை," என்றார்.

"மரபை மதிக்காதவன் மனுஷனே இல்லைன்னு யாரோ இப்பத்தானே சொன்னாங்க," என்றாள் சேருவாயா. டைரக்டர் உட்கார்ந்தார்.

மதியத்துக்குள் சேருவாயாவின் அண்ணன்மார் பன்னிரண்டு மூட்டைகளையும் தோளில் தூக்கிக் கொண்டுவந்து போட்டார்கள். தூக்கு வண்டி தேவைப்படவில்லை. மூன்று நாளில் அங்கம்மா உரத்தை மண்ணுக்குள் வைத்து மூடினாள். நான்காம் நாள் மேகம் மலையிலிருந்து எழுந்து வந்தது.

இத்துடன் கதை முடிந்தது என்று யாராவது எழுந்திருந்தால் உட்காருங்கள், கண்ணுகளா. வாரியம் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

அடுத்த வாரம் அவசரக் கூட்டம் நடந்தது. இருபத்து நான்கு குடும்பங்களும் சமமாக அரை மூட்டை இழந்திருந்ததால் சுழிக்கு ஆபத்து இல்லை என்று முதலில் தெரிந்து எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் இழப்பு இழப்புதான். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரை மூட்டை நிவாரணமாக வழங்கத் தீர்மானித்தார்கள். அரை மூட்டைக்குப் பாரத்தில் கட்டம் இல்லை. ஆகவே ஆளுக்கு நாற்பது வழங்கினார்கள். பன்னிரண்டு மூட்டையைப் பறிகொடுத்த ராம்சமுஜுக்குத் தொள்ளாயிரத்து அறுபது மூட்டை திரும்ப வந்தது. லாலுவுக்கு மட்டும் மன உளைச்சலுக்காகத் தீவனம்.

இரண்டாவதாக ஒரு சுற்றறிக்கை. வாரியத்தின் அலுவலகங்களில், எந்தக் காரணத்துக்காகவும், யாரும் கை தட்டக் கூடாது.

வெட்டுக் காலம் வந்தது. அங்கம்மாவின் நான்கு ஏக்கரில் அறுபத்து மூன்று டன். வெட்டுக் கூட்டத்துப் பட்டியலில் அவள் பெயர் நின்றது. கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்த மறுவாரமே வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. விவசாயம் செய்யாத ஒரு வீட்டில் அறுபத்து மூன்று டன் கரும்பு எப்படி விளைந்தது, பதினான்கு நாளுக்குள் விளக்கம் தரவும்.

விளக்கத்தை நேரிலேயே தரலாம் என்று அங்கம்மா காலை பஸ் ஏறினாள். வயலில் மறுபடியும் மறுதாம்பு விரல் நீளம் கிளம்பியிருந்தது.

அவள் கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தைப் பார்த்ததும் வாரியம் அமைதியாகிவிட்டது. தட்டச்சுக்காரர் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கணக்கர் கையைப் பாக்கெட்டில் விட்டார். கண்ணாடி அறைக்குள் டைரக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த சுற்றறிக்கையை முதல் தடவை படிப்பவர்போலப் படித்தார்.

ஃபிலிமோனியால் மட்டும் கையை ஒளிக்க முடியவில்லை. ஒரு கையில் பேனா, ஒரு கையில் அளவுகோல்.

"புலா, ஃபிலி."

"அக்கா... அதை உள்ள வச்சிருங்கக்கா. எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் இருக்கு."

"வெறும் வேர்தான்டா, கடிக்காது." அங்கம்மா பொட்டலத்தைப் பிரித்துக் கவுண்டர்மேல் வைத்தாள். "ரெண்டே ரெண்டு விஷயம். என்னைத் திரும்பவும் விவசாயின்னு எழுது. அப்புறம் அந்தப் பாரத்துல, நாப்பதுக்கு மேல, அந்த வெள்ளையாக் கெடக்குற எடத்துல, பன்னெண்டுன்னு ஒரு கட்டம் போடு. உன்னை மாதிரிக் கோடு போட இந்த லம்பாசாவுல யாரு இருக்கா? எனக்கு மட்டும் இல்லை, டாக்சி ஓட்டப் போனவங்க எல்லாம் திரும்பி வந்து நிப்பாங்க."

ஃபிலிமோனி பாரத்தைப் பார்த்தான். வெள்ளை இடத்தைப் பார்த்தான். கண்ணாடி அறையைப் பார்த்தான். பாரத்தைப் பக்கத்தில் இழுக்க வேர் இடைஞ்சலாக இருந்தது போலிருக்கிறது, இரண்டு விரலால் அதைத் தொட்டு நகர்த்தினான். பேனாவையும் அளவுகோலையும் கீழே வைத்தான்.

அப்போது ஒரு கொசு வந்து அவன் மூக்குக்கு நேரே நின்றது.

டைரக்டர் கண்ணாடிக்குள்ளிருந்து தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று.

"கொசு சார்," என்றான் ஃபிலிமோனி.

இருந்தது ஒரு கொசுதான், கண்ணுகளா. அவன் மூன்று முறை தட்டினான்.